ஜாவாக்காரர்கள் தங்கள் மொழியைக் கேட்கவில்லை

இந்தோனேசியாவின் பணத்தாளில் பிள்ளையார் இருக்கிறார் என்ற செய்தி நம்மில் பலருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு தடவையாவது வந்திருக்கும். படம் உண்மையானதுதான். 1998-ல் அச்சிட்ட 20,000 ரூப்பியா தாள் அது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மக்களில் நூற்றுக்கு 87 பேர் முஸ்லிம்களாக இருக்கும் நாட்டில் பிள்ளையார் எப்படி வந்தார் என்றுதான் எல்லோரும் வியக்கிறோம். அவர் அங்கே கல்வியின் சின்னம். பாண்டுங் நகரத்துப் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியின் முத்திரையிலும் அவர்தான் இருக்கிறார்.

சரி, அதே தாளில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு மனிதரின் முகம் இருக்கும். அவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அவர்தான் பெரிய ஆச்சரியம்.

பெயர் கி ஹஜார் தேவந்தாரா. 1889-ல் யோக்யகர்த்தாவில் அரச குடும்பத்தில் பிறந்தபோது வைத்த பெயர் ராடென் மாஸ் சுவார்டி சூர்யநிங்ராட். 'ராடென் மாஸ்' என்பது பிறப்பால் வரும் பட்டம். 1913-ல் அந்தத் தீவுகளை ஆண்ட டச்சுக்காரர்கள், தங்கள் நாடு நெப்போலியனிடமிருந்து விடுபட்ட நூற்றாண்டை இந்தோனேசியாவில் கொண்டாட முடிவு செய்தார்கள். அதற்கு உள்ளூர் மக்களிடமும் பணம் திரட்டப் போனார்கள். நான் ஒரு டச்சுக்காரனாக இருந்தால், நான் அடிமைப்படுத்திய மக்களிடம் என் விடுதலைக்குப் பணம் கேட்கமாட்டேன் என்று சுவார்டி எழுதினார். உடனே அவரை நெதர்லாந்துக்கு நாடு கடத்தினார்கள். அங்கே இருந்தபடி 1916-ல், ஹேக் நகரில் நடந்த காலனியக் கல்வி மாநாட்டில், தீவுகள் அனைத்துக்கும் பொதுவான கல்வி மொழியாக மலாய் வர வேண்டும் என்று பேசினார். திரும்பி வந்து 1922-ல் 'தாமான் சிஸ்வா' பள்ளிகளைத் தொடங்கினார். ஜாவா நாட்காட்டிப்படி 40 வயது ஆனபோது பட்டத்தையும் பழைய பெயரையும் விட்டுவிட்டார். அவர் பிறந்த மே 2-தான் இன்று அந்த நாட்டின் கல்வி நாள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜாவா அரச குடும்பத்துப் பிள்ளை, ஜாவா மொழியின் மிக உயர்ந்த நடையில் தன்னைக் கூப்பிடக் கேட்டே வளர்ந்தவர், பொது மொழியாகக் கேட்டது மலாயை. அவர் ஒருவர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. ஒரு தலைமுறையே கேட்டது. இந்தோனேசியாவைப் பற்றிய பட்டியல்கள் எரிமலை, கொமோடோ பல்லி, பாலி என்றுதான் போகும். அந்த நாடு ஏன் ஒரு நாடாக இருக்கிறது என்பதைச் சொல்வது மொழி பற்றிய இந்த முடிவுதான் என்பேன்.

அந்த நாட்டின் அளவைப் பார்த்தால் முடிவின் எடை புரியும். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், மூன்று நேர மண்டலங்கள். மேற்கு முனையில் இருக்கும் சபாங் ஊரிலிருந்து கிழக்கே மெராவ்க்கே வரை 5,000 கி.மீ.க்கு மேல். நம் நாட்டின் தென்கோடியான இந்திரா முனையிலிருந்து இந்தோனேசிய எல்லைத் தீவுக்குக் கடலில் சுமார் 150 கி.மீ.தான். சென்னையைவிட நிக்கோபாருக்கு அச்சே மாநிலம்தான் பக்கம். மொழிகள் 700-க்கும் அதிகம்.

இத்தனை தீவுகளில் ஜாவா ஒன்றில் மட்டும் நாட்டின் பாதிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். ஜாவாவின் பரப்பு நம் தமிழ்நாட்டின் பரப்புதான், கிட்டத்தட்ட 1,30,000 சதுர கி.மீ. மக்கள்தொகையோ 2020 கணக்குப்படி 15 கோடிக்கு மேல். எரிமலைச் சாம்பல் மண்ணும் ஆண்டு முழுவதும் கிடைக்கும் தண்ணீரும் சேர்ந்த வயல்கள்தான் அவ்வளவு பேருக்கும் சோறு போட்டன. நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பேர் ஜாவா இனத்தவர். எழுத்தும் இலக்கியமும் அரண்மனைகளும் ஆயிரம் ஆண்டு வரலாறும் அவர்களிடம் இருந்தன. போரோபுதூர் பௌத்தக் கோயிலைக் கட்டியது அந்த மண், மஜாபாகித் பேரரசு எழுந்ததும் அந்த மண். தேசிய மொழி எது என்று வெளியாள் யாரைக் கேட்டிருந்தாலும் ஜாவா மொழி என்றுதான் சொல்லியிருப்பார்.

மலாய் அப்போது யாருடைய மொழி? சுமத்ராவின் கிழக்குக் கரையிலும், ரியாவ் தீவுகளிலும், மலாக்கா நீரிணையின் இரு பக்கமும் வாழ்ந்த சிறு தொகையினரின் தாய்மொழி. ஆனால் துறைமுகம் தோறும் அது சந்தை மொழி. கிராம்பு விளைந்த தெர்னாத்தே, திடோரே தீவுகளிலும், ஜாதிக்காய்க்குத் தாயகமான பண்டா தீவுகளிலும் குஜராத்திக்காரரும் சீனரும் அரபியரும் சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுபோன நம் வணிகர்களும் பேரம் பேசியது மலாயில். யாருக்கும் முழுச் சொந்தமில்லை, எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும் என்ற நிலை அதற்கு வாய்த்திருந்தது.

ஜாவாக்காரர்களே தங்கள் மொழி வேண்டாம் என்றதற்குக் காரணம் அந்த மொழிக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் 'தூங்கு', 'தூங்குங்கள்' என்று விகுதியை மாற்றி மரியாதை காட்டுகிறோம். ஜாவா மொழியில் சொல்லே மாறிவிடும். நெருங்கிய நண்பன் தூங்கினால் 'துரு'. பணிவான பேச்சில் 'திலெம்'. வணங்கத்தக்க பெரியவர் தூங்கினால் 'சாரே'. நான் தூங்கியதைச் சொல்ல 'சாரே' என்று வாய்தவறி வந்துவிட்டால் அது பெரிய பிசகு. என்னையே நான் உயர்த்திக்கொண்டதாகிவிடும். வீடு, சோறு, வருவது, போவது, கொடுப்பது என்று அன்றாடம் புழங்கும் நூற்றுக்கணக்கான சொற்களுக்கும் இதே கதைதான். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்த்தால், அவர் எனக்கு மேலா கீழா என்று முடிவு செய்யாமல் ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது.

ஜெப்பாரா ஊரின் ஆட்சியாளர் மகளாக 1879-ல் பிறந்த கார்த்தினி, இந்த வாழ்க்கையைத் தன் டச்சுத் தோழிக்கு எழுதிய கடிதத்தில் அப்படியே காட்டுகிறார். அக்கா கடந்து போனால் தங்கை நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் தலைகுனிந்து உட்கார வேண்டும். அக்காவுக்கு முன்னால் போவதென்றால் தவழ்ந்துதான் போக வேண்டும். பேச்சோ உயர்ந்த நடையில் மட்டும். கார்த்தினி தன் தங்கைகளோடு இந்த வழக்கத்தை விட்டுவிட்டார். 25 வயதில், பிள்ளை பெற்ற சில நாட்களில் அவர் இறந்துபோனார். ஏப்ரல் 21 இன்றும் கார்த்தினி நாள்.

இப்படி ஒரு மொழியை வைத்துக்கொண்டு, குடிமக்கள் எல்லோரும் சமம் என்று எப்படிப் பேசுவது? மலாயில் 'தீடுர்' என்றால் தூக்கம். கூலிக்காரன் தூங்கினாலும் கவர்னர் தூங்கினாலும் பொதுவாக அதே சொல்தான். சுதந்திரப் போராட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் 'புங்' என்று கூப்பிட்டார்கள், அண்ணன் மாதிரி ஒரு சொல். நாட்டின் முதல் அதிபரான சுகர்னோவையும் மக்கள் 'புங் கர்னோ' என்றே கூப்பிட்டார்கள்.

1928 அக்டோபர் 27, 28 தேதிகளில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இளைஞர் மாநாடு கூடியது. ஜாவா, சுமத்ரா, அம்போன், செலபெஸ் என்று பல தீவுகளின் இளைஞர் சங்கங்கள் வந்திருந்தன. டச்சுப் பள்ளிகளில் படித்தவர்கள் என்பதால் சிலருக்கு டச்சில்தான் மேடையில் சரளமாகப் பேச வந்தது. கடைசி நாளில் சுப்ரத்மான் என்ற பத்திரிகைக்காரர், தான் இயற்றிய ஒரு பாட்டை வயலினில் மட்டும் வாசித்தார். போலீஸ் உட்கார்ந்திருந்ததால் சொற்களைப் பாடவில்லை. அதுதான் இன்றைய தேசிய கீதம்.

அன்று வாசித்த உறுதிமொழி மூன்றே வரி. முதல் இரண்டு வரிகளில், எங்கள் மண் ஒன்று, எங்கள் இனம் ஒன்று என்கிறார்கள். மூன்றாவதில் எங்கள் மொழி ஒன்று என்று சொல்லவில்லை. ஒற்றுமையின் மொழியான இந்தோனேசிய மொழியை 'மெஞ்சுஞ்சுங்' செய்கிறோம் என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது என்று பொருள். மண்ணும் இனமும் ஒன்றுதான், மொழிகள் பல இருக்கட்டும், இந்த ஒன்றைத் தலைமேல் வைத்துக்கொள்கிறோம் என்பது அதன் சாரம். வரைவை எழுதிய முகம்மது யாமின் 1926 மாநாட்டிலேயே மலாய் மொழியை முன்வைத்தார். நாடு இந்தோனேசியா என்றால் மொழிக்கும் அதே பெயர்தான் வேண்டும் என்று வாதாடியவர் மதுரா தீவைச் சேர்ந்த தப்ரானி. (நம் மதுரையை நினைவூட்டும் பெயர்தான். ஜாவாவுக்குப் பக்கத்துத் தீவு அது.) இரண்டு ஆண்டு கழித்து அவர் சொன்னதே நின்றது.

இதைப் படிக்கும் தமிழருக்கு நம் நாட்டு மொழிப் போராட்டம் நினைவுக்கு வராமல் இருக்காது. ஒப்பிடலாம். ஆனால் யார் விட்டுக்கொடுத்தார்கள் என்பதைப் பார்த்து ஒப்பிட வேண்டும். அங்கே எண்ணிக்கையில் பெரியவர்கள் தங்கள் மொழியை முன்னால் வைக்கவில்லை. அதனால் சிறியவர்களுக்குப் பயம் வரவில்லை. ஜாவாக்காரப் பிள்ளையும் சுமத்ராவின் பத்தாக் இனப் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் ஒரே அளவு சிரமப்பட்டுத்தான் அந்த மொழியைப் படிக்க வேண்டியிருந்தது.

டச்சுக்காரர்களின் நடத்தையும் இதற்கு உதவியது. தங்கள் மொழி உள்ளூர்க்காரர்களிடம் பரவுவதை அவர்கள் பெரிதாக விரும்பவில்லை. 1930 வாக்கில் டச்சு தெரிந்த இந்தோனேசியர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே உள்ளூர் மக்களோடு அவர்களுடைய நிர்வாகம் மலாயில் ஓடியது, அரசுப் பதிப்பகமும் மலாயில் நூல் போட்டது. அப்புறம் 1942-ல் ஜப்பான் படை வந்து டச்சு மொழியை அலுவலகம், பள்ளி எல்லாவற்றிலும் தடை செய்தது. ஜப்பானிய மொழியை ஒரே நாளில் யாரும் கற்றுக்கொள்ள முடியாதே. இடைவெளியை நிரப்பியது இந்தோனேசிய மொழி. 1945 ஆகஸ்ட் 17-ல் சுகர்னோ வாசித்த விடுதலை அறிவிப்பு இரண்டே வாக்கியங்கள், இந்த மொழியில்.

அந்த அறிவிப்பில் சுகர்னோவோடு கையெழுத்திட்ட ஹத்தா, மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் இனத்தவர். உறுதிமொழி எழுதிய யாமினும், முதல் பிரதமர் சுதன் ஷாரீரும் அதே இனம். மலாய்க்கு மிக நெருங்கிய மொழி பேசுபவர்கள் என்பதால் தொடக்கக் கால இந்தோனேசிய நாவலாசிரியர்களிலும் இவர்கள் பலர். உலகிலேயே மிகப் பெரிய தாய்வழிச் சமூகம் இது. எருமைக் கொம்பு போல வளைந்த கூரை கொண்ட பூர்வீக வீடும் பரம்பரை நிலமும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். குலப்பெயரும் தாய்வழிதான். மருமகன் அந்த வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி மாதிரி. மக்களோ பக்தியுள்ள முஸ்லிம்கள். வீடு தனக்கில்லை என்று தெரிந்த வாலிபன் ஊரைவிட்டுக் கிளம்பிவிடுவான். 'மெரந்தாவ்' என்று அதற்குப் பெயர். நாட்டின் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு பாடாங் (மேற்குச் சுமத்ராவின் தலைநகர்) சாப்பாட்டுக்கடை இருப்பதற்கு இந்த வழக்கம்தான் காரணம். சர்வர் கைநிறையத் தட்டுகளை அடுக்கிக் கொண்டுவந்து, கேட்காமலே பத்துப் பன்னிரண்டு பதார்த்தங்களை மேசையில் பரப்பிவிடுவார். தொட்டதற்கு மட்டும் காசு.

மொழிக்கு வருவோம். தமிழ்க் காதுக்கு அதில் பழகிய சத்தம் நிறைய. கப்பல் 'காப்பல்', கடை 'கெடாய்', பெட்டி 'பெத்தி', திரை 'திராய்', கூலி 'கூலி'. போர்த்துக்கீசியர் நமக்கும் அவர்களுக்கும் ஒரே சமயத்தில் தந்தவையும் உண்டு. நம் ஜன்னல் அங்கே 'ஜெண்டெலா', மேசை 'மேஜா', ஈழத்தமிழர் சொல்லும் சப்பாத்து 'செபாத்து'. ரமலான் நோன்புக்கு அவர்கள் சொல்லும் சொல் 'புவாசா', நம் உபவாசம்தான் அது. 'மாத்தா' என்றால் கண், 'ஹாரி' என்றால் நாள். இரண்டும் சேர்ந்தால் சூரியன், நாளின் கண். 'மாத்தா ஆயிர்' தண்ணீர்க் கண், அதாவது ஊற்று. நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம். காலம் காட்டும் விகுதி கிடையாது. பன்மைக்குச் சொல்லை இரண்டு தடவை சொன்னால் போதும். 'ஓராங்' மனிதன், 'ஓராங்-ஓராங்' மனிதர்கள். இரண்டு தடவை எழுதச் சோம்பல் வந்தால் பக்கத்தில் 2 என்று ஓர் எண் போட்டுவிடுவார்கள்.

நம்மோடு இதைவிடப் பழைய தொடர்பும் உண்டு. இதுவரை கிடைத்த மிகப் பழைய மலாய்க் கல்வெட்டுகளில் ஒன்று சுமத்ராவில் பாலெம்பாங் அருகே உள்ள கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு. கி.பி. 682-ஐச் சேர்ந்த அது பல்லவ எழுத்தில் வெட்டியது. சுமத்ராவின் பாருஸ் துறையில் கற்பூரம் வாங்கப் போன நம் ஐநூற்றுவர் வணிகக் குழு 1088-ல் தமிழிலேயே கல்வெட்டு வைத்தது. அதே வட சுமத்ராவில் காரோ மக்களிடையே செம்பிரிங் என்ற குலம் இருக்கிறது. அதன் கிளைப்பெயர்களில் சில: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர் என்று ஆய்வாளர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள்.

ஜாவா எழுத்தும் பல்லவ எழுத்தின் வழியில் வந்ததுதான். அதன் 20 எழுத்துகளை வரிசையாகச் சொன்னாலே ஒரு கதை வந்துவிடும். 'ஹன சரக, தத சவல, பத ஜயன்ய, மக பதங்க': இரண்டு தூதர்கள் இருந்தார்கள், சண்டை மூண்டது, இருவரும் சம பலம், இதோ இரண்டு பிணங்கள். அகரவரிசையே ஒரு சோகக் கதையாக இருக்கும் மொழியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஒற்றுமையின் பெயரால் நடந்த கொடுமைகளையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். 1965-66-ல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிக் குறைந்தது 5 லட்சம் பேரைக் கொன்றார்கள். 1967-ல் சீன வம்சாவளியினரின் பண்டிகைகளைப் பொது இடத்தில் கொண்டாடத் தடை வந்தது. சீன எழுத்தும் தெருவிலிருந்து மறைந்தது. பலர் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். 2000-ல்தான் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்தத் தடையை நீக்கினார். மொழியை விட்டுக்கொடுத்த ஜாவாவின் கையில்தான் ராணுவமும் அதிபர் நாற்காலியும் பெரும்பாலும் இருந்து வந்திருக்கின்றன. 1975-ல் படையோடு புகுந்த கிழக்குத் திமோரில் பள்ளிக்கூடம் முழுவதும் இந்தோனேசிய மொழி நடந்தது. 1999-ல் வாக்கெடுப்பு வைத்தபோது அந்த மக்கள் பிரிந்து போனார்கள். ஆட்சிமொழியாக உள்ளூர் மொழியான 'தேத்தும்', போர்த்துக்கீசியம் என்ற இரண்டை எடுத்துக்கொண்டார்கள். சந்தையில் வந்த மொழியைத் தலையில் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. துப்பாக்கியோடு வந்தபோது அதே மொழிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடக்கிறது. சிறு மொழிகள் பலவற்றை இன்று பாட்டி தாத்தா மட்டும்தான் பேசுகிறார்கள். ஜாவா மொழிக்கே நகரங்களில் அந்த நிலை எட்டிப் பார்க்கிறது. பேசுபவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஆனால் பிள்ளைகளுக்குத் தாழ்ந்த நடை மட்டும் வருகிறது. உயர்ந்த நடை தெரியாமல் பெரியவர்களிடம் வாய்திறந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று பெற்றோர்களே வீட்டில் இந்தோனேசிய மொழிக்கு மாறிவிடுகிறார்கள். அதில் தவறு செய்தாலும் யாருக்கும் மனம் புண்படாது.

மறுபக்கம், புதிய சொல் தேவைப்பட்டால் மொழி நிறுவனம் ஜாவா மொழியிடம் போய் நிற்கிறது. பதிவிறக்கம் செய்வதற்கு இன்று வழங்கும் சொல் 'உண்டு' (நம் 'உண்டு' போலவே ஒலிக்கும், கடைசியில் ஒரு 'ஹ்' உண்டு). ஜாவாக் கிராமத்தில் மரத்திலிருந்து பழம் பறிப்பதற்கு அதுதான் சொல். பதிவேற்றத்துக்குச் சொல்லும் 'உங்கா' மேலே ஏறுவது, அதுவும் ஜாவாச் சொல்தான்.

2014-ல் மத்திய ஜாவா மாநில அரசு, அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் அலுவலகத்தில் ஜாவா மொழியில்தான் பேச வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கப் போகும் இளைஞர், அன்று மட்டும், 'திலெம்' எங்கே 'சாரே' எங்கே என்று மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும்.